குடையக்கா சொன்ன சிறுமி

அந்தப் பெரிய வீட்டின் மாடி ஜன்னலில் ஒரு சிறுமி நிற்கிறாள் என்ற செய்தி குடையக்காவின் காதில் விழுந்தது பல் வைத்தியரின் நாற்காலியில். வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடந்தாள். கன்னத்துக்குள் பஞ்சு. வைத்தியருக்குக் கருவி எடுத்துக்கொடுக்கும் பெண்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"எங்க அண்ணியோட ஃப்ரெண்டு போயிட்டு வந்தாங்க சார். சிலைத் தோட்டம் இருக்கே, அந்த மியூசியம் வீடு. மாடி ஜன்னல்ல நின்னு சிலைங்கள எண்ணினா பன்னண்டுதான் வரணுமாம். அந்தப் பொண்ணு வந்து பக்கத்துல நின்னுட்டா பதிமூணு வருமாம். இவங்களுக்குப் பதிமூணு வந்துச்சாம் சார்! வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் காய்ச்சல்."

"காய்ச்சலோட போய் எண்ணியிருப்பாங்க" என்றார் வைத்தியர், பல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"போங்க சார். அந்தப் பொண்ணு நிஜமாவே அங்க இருந்தவளாம். காலு கொஞ்சம் இழுக்குமாம். நீல ரிப்பன் கட்டியிருப்பாளாம்."

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"வலிக்குதாம்மா?"

வலியில்லை. மரத்துப்போன உதட்டோடு என்னத்தைச் சொல்வது? அந்தச் சிறுமிக்குக் காலும் இழுக்காது, ரிப்பனும் கிடையாது. அப்படி ஒரு சிறுமியே கிடையாது. அவளை உண்டாக்கியவளே குடையக்காதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், இருபது நிமிடத்தை ஓட்டுவதற்காக.

குடையக்கா அந்த வீட்டில் வழிகாட்டி. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டும் வேலை; பத்தொன்பது வருடமாக. முதலில் வீடு, பிறகு ஓவியக்கூடம், கடைசியில் சிலைத் தோட்டம். கூட்டத்தில் யாரும் தவறிப்போகாமலிருக்க ஒரு மஞ்சள் குடையை மடக்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நடப்பாள் என்றால், பின்பக்கமாக. முகம் கூட்டத்தைப் பார்த்திருக்க, கால்கள் தாமாகவே வழி கண்டுபிடித்துப் போகும். கூடத்திலிருந்து படிக்கட்டுக்குப் பதினேழு அடி, படிக்கட்டில் இருபத்திரண்டு படி, திருப்பத்தில் ஒரு பூச்சாடி. எதிலும் முட்டாமல் பின்னாலேயே ஏறிவிடுவாள். வீட்டிலும் இதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. கணவரிடம் பேசிக்கொண்டே பின்பக்கமாகச் சமையலறைக்குள் போவாள்.

"முன்னாடி பாத்து நடம்மா. நான் டிக்கெட் வாங்கிட்டு வரலை" என்பார் அவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்கும்போது எதற்குப் பின்னால் நடக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம்.

அவளிடம் இரண்டு மொழி இருந்தது. ஒன்று அலுவலகத்து மொழி. அதில் அவளுக்கு நாற்பத்திரண்டு பக்கத்தில் ஓர் உரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு குழுவால் படிக்கப்பட்டு, கையெழுத்துப் போடப்பட்டது. அந்த மொழியில் பேசும்போது அவள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருப்பாள். ஒரு வருடம் தப்பாது, ஓர் ஓவியரின் ஊர் தப்பாது. பிறத்தியார் மொழியில் தப்பு விட்டால் சிரிப்பார்களே என்ற பயம்தான் அவளை அவ்வளவு ஒழுங்காக உண்மை பேச வைத்தது. மற்றது நம்முடைய மொழி. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிச் சுற்று நம் ஆட்களுக்கானது. அதற்கு உரை எதுவும் கிடையாது. "நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்று கண்காணிப்பாளர் விட்டுவிட்டார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அந்தச் சுற்றில் குடையக்கா கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசுவாள். பயமில்லாமல் பேசுவாள். வினையெல்லாம் அங்கேதான் வந்தது.

அன்றைக்கு இருபத்து மூன்று பேர். வீடு முடிந்தது, ஓவியம் முடிந்தது, தோட்டத்துக்கு இறங்கலாம் என்றால் மழை கொட்டுகிறது. சிலைகளெல்லாம் கறுத்து நனைந்து நிற்கின்றன. சுற்று முடிய இன்னும் இருபது நிமிடம். கூட்டம் மாடி நடையில் ஜன்னலோரம் அடைந்து நிற்கிறது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, இரண்டு பேர் செல்போனை எடுத்துவிட்டார்கள். வழிகாட்டிக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை. அப்போதுதான் ஒருவர் நடையின் கோடியில் பூட்டிக் கிடந்த சின்னக் கதவைக் காட்டிக் கேட்டார்.

"அந்த ரூம்ல என்னங்க இருக்கு?"

உரைப்படி பதில்: பயன்பாட்டில் இல்லாத அறை. அவள் வாயைத் திறந்தது அதைச் சொல்லத்தான். வந்தது வேறு.

"இந்த வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு இருந்தா. உடம்புக்கு முடியாத பொண்ணு. வெளிய விடமாட்டாங்க. அவளுக்கு ஒரே விளையாட்டு ஜன்னல்ல நின்னு சிலைங்கள எண்ணுறது. மொத்தம் பன்னண்டு சிலை, நீங்களே பாருங்க. ஆனா அவ எண்ணினா பதிமூணு வரும். ஒழுங்கா எண்ணுடின்னு எல்லாரும் சொல்வாங்களாம். திரும்ப எண்ணுவா. பதிமூணு. ஒரு நாள் காலையில எண்ணுற சத்தம் கேக்கலை. அன்னிக்குப் பூட்டின ரூம் அது."

அழுத குழந்தை நிறுத்திவிட்டது. இருபத்து மூன்று பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி, உதடு அசைய எண்ணினார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடையக்காவுக்கு உள்ளங்கால் வரை ஜிலீரென்றது. நன்றாகப் பேசிவிட்ட பெருமை என்றுதான் அப்போது நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஒருவர் கேட்டே விட்டார்: "அந்தப் பொண்ணு கதை சொல்லுவீங்களாமே?" சொன்னாள். அதற்கடுத்த வாரமும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த வழிகாட்டிப் பெண் அதைக் கேட்டு, அலுவலகத்து மொழிக்குக் கொண்டுபோனாள். போகிற வழியில் சிறுமியின் காலை இழுக்கவிட்டாள். யாரோ இணையத்தில் எழுதினார்கள். அங்கே ரிப்பன் சேர்ந்தது. பிள்ளைகள் ஜன்னல் திட்டில் தலைக்கிளிப்பும் பென்சிலும் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அதைத் தினமும் சாயங்காலம் எடுத்து ஒரு டப்பாவில் போடுவது குடையக்காவின் வேலையானது. நிறுத்தியிருக்கலாம். முதல் வருடத்தில் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் வருடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டு நிறுத்தியிருக்கலாம். பிறகு அது அவள் கையில் இல்லை.

அவளிடம் மட்டும் இரண்டு மாற்றம் வந்தது. ஒன்று, அந்த ஜன்னலைக் கடக்கும்போது குடை நுனியையே பார்த்துக்கொண்டு போவாள். சிலைகளை எண்ணவே மாட்டாள். இன்னொன்று, கூட்டத்தின் கடைசி ஆள் உள்ளே வந்த பிறகும் கதவை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இது அவளுக்கே தெரியாது. கணவர்தான் ஒரு நாள் கேட்டார். இருவரும் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்திருந்தார்கள்.

"யாருக்கும்மா கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

அவள் கையைப் பார்த்தாள். கதவு இன்னும் திறந்தே இருந்தது. வெளியே வெறும் வராந்தா.

இந்த வருடம் விஷயம் முற்றியது. அந்த வீட்டுக் குடும்பத்தில் மிச்சமிருப்பவர் ஒரே ஒருவர், வீட்டுக்காரரின் இளைய மகள். எண்பத்தெட்டு வயது. வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீட்டை மியூசியத்துக்கு எழுதிக் கொடுத்தபோது, அந்தச் சின்ன அறையை மட்டும் திறக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார். காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை, பெரிய மனிதர்களின் பூட்டுக்குக் காரணம் கேட்கிற வழக்கமில்லை. இப்போது அவரிடமிருந்து நடுங்கும் கையெழுத்தில் இரண்டு வரி வந்தது. இனி திறந்துகொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. குடையக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"சிறுமியின் அறைன்னே பேர் வெச்சுடலாம். வர்றவங்க பாதிப் பேர் அதைத்தானே கேக்குறாங்க? கதையை உங்கள மாதிரி யாரும் சொல்றதில்லையாமே. வாசல்ல மாட்டுற பலகைக்கு ஆறு வரி எழுதிக் குடுங்க. கீழே ஆதாரம் மட்டும் போட்டுடுங்க, எந்தப் பத்திரம், எந்தப் பக்கம்னு."

"ஆதாரமா சார்?"

"ஆமா. குழு கேக்கும்ல. அவசரமில்லை, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தாப் போதும்."

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வேன் சாவியை விரலில் சுழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா ஒரு பொண்ணை வளத்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாத்தியா?"

"விளையாடாதீங்க. வேலை போயிடும்."

"போனாப் போகுது. ஸ்கூல் வேன்ல பிள்ளைங்களப் பாத்துக்க ஒரு ஆள் தேடுறாங்க. பின்னாடி நடந்துக்கிட்டே ஏத்தி இறக்கலாம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கீழே வைத்தார். "சொல்லிடும்மா. பலகையில எழுதிட்டா அப்புறம் அது பொய்யில்ல, கல்வெட்டு. முன்னாடியே சொல்லிடு."

வியாழக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவானது. என்ன சொல்ல வேண்டும் என்பதை அலுவலகத்து மொழியில் மூன்று வரியாக எழுதி, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

கண்காணிப்பாளரின் அறைக்குப் போகும் வழியிலேயே சுவர் வேலை செய்யும் பெண் அவளை மடக்கினாள். பழைய வீடுகளில் பூச்சுக்கு மேல் பூச்சாக இருக்கும் வண்ணத்தை, சின்னக் கத்தியால் ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டி எடுக்கும் பெண் அவள். முகமெல்லாம் வெள்ளைத் தூள்.

"அக்கா, மேல வாங்க. உங்க பொண்ணு எண்ணி வெச்சிருக்கா, வந்து பாருங்க."

"என் பொண்ணா?"

"அதான், ஜன்னல் பொண்ணு."

அந்தக் கதவு திறந்து குடையக்கா பார்த்ததேயில்லை. உள்ளே ஒன்றுமில்லை. கட்டிலில்லை, அலமாரியில்லை, ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் போன்ற அறை. தோட்டத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு இடப்பக்கம், பச்சைப் பூச்சைச் சுரண்டிய இடத்தில், பழைய சுண்ணாம்பின் மேல் பென்சில் கோடுகள். சின்னச் சின்ன நேர்கோடுகள். வரிசை வரிசையாக.

"எண்ணிப் பாருங்கக்கா."

எண்ணக் கூடாது என்று பதினோரு வருடமாகக் கட்டிக்காத்த கண், தானாக ஓடியது. பதின்மூன்று. அடுத்த வரிசை, பதின்மூன்று. அடுத்தது. அதற்கடுத்தது. கோடுகள் தன் இடுப்பு உயரத்தில்தான் இருக்கின்றன என்பதை அவள் கவனித்தாள். பெரியவர்கள் நின்று எழுதும் உயரமில்லை அது.

"இது... யாராவது இப்பப் போட்டதா இருக்குமா?"

"இதுக்கு மேல மூணு பூச்சு இருக்குக்கா. அடிப் பூச்சு அடிச்சே எழுவது வருஷமிருக்கும். அதுக்கும் அடியில இருந்துச்சு." அந்தப் பெண் சிரித்தாள். "பயந்துட்டீங்களா? உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

குடையக்காவின் மனப்பாட மூன்று வரியும் மறந்துபோனது. கீழே இறங்கினாள். அன்றைக்கு முன்பக்கமாகத்தான் நடந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

பெயிண்டர் போட்ட கணக்காக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். குனிந்து உட்கார்ந்து போட்டிருப்பான். டப்பா எண்ணிக்கை. நாள் எண்ணிக்கை. அதுவும் எல்லா வரிசையிலும் பதின்மூன்றா என்று அவளுக்குள்ளேயே ஒன்று கேட்டது. நேரே தோட்டத்துக்குப் போனாள். தோட்டக்காரர் ஏணியில் நின்று, வெண்கலக் குதிரையின் கழுத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அங்கே வேலை செய்கிறவர். சிலைகளோடு பேசுவார், ஆட்களோடு அவ்வளவாகப் பேச மாட்டார்.

"அண்ணே, இங்க எப்பவுமே பன்னண்டு சிலைதானே?"

"பன்னண்டுதான். பட்டியல்ல அப்படித்தான் இருக்கு." நாலு தேய்ப்பு தேய்த்தார். "ஏன், காணாமப் போச்சா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"போன வருஷம் குழாய் போடத் தோண்டினப்ப அந்தப் புதருக்கு அடியில ஒரு சதுரக் கல்லு வந்துச்சு. நடுவுல ஆணி அடிச்ச ஓட்டை. ஏதோ ஒன்னு நின்னிருக்கு. எப்பவோ தூக்கிட்டாங்க. நான் மண்ணைப் போட்டு மூடிட்டேன். எழுதிக் குடுத்தா மீட்டிங் போடுவாங்க."

"எந்தப் புதர்?"

துணி பிடித்த கையால் காட்டினார். அவள் புதரைப் பார்த்தாள். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பி மாடியைப் பார்த்தாள். நடை ஜன்னலிலிருந்து அந்த இடம் தெரியாது, சுவர் மறைக்கும். சின்ன அறையின் ஜன்னலுக்கு மட்டும் நேர் எதிரே இருந்தது.

அந்தச் சிறுமி தப்பாக எண்ணவில்லை. எண்ணச் சொல்லி அதட்டியவர்கள்தான் வேறு ஜன்னலில் நின்றிருக்கிறார்கள். இந்த நினைப்பு வந்ததும் குடையக்கா தன் தலையில் தானே ஓங்கி ஒன்று போட்டுக்கொண்டாள். எந்தச் சிறுமி? யார் அதட்டினார்கள்? அதெல்லாம் அவள் மழைக்காக அவிழ்த்துவிட்ட புளுகு!

ஒருவழியாகக் கண்காணிப்பாளரின் முன்னால் போய் நின்று சொன்னாள். திக்கித் திணறி, வினைச்சொல்லெல்லாம் தடுமாற, முழுவதையும் சொன்னாள். மழையைச் சொன்னாள், அழுத குழந்தையைச் சொன்னாள். ஆதாரம் இல்லை, எல்லாம் என் வாய், என்னை மன்னியுங்கள் என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்கே! சுவத்தைப் பாத்தீங்கல்ல? இவ்வளவு சரியா யாரால கற்பனை பண்ண முடியும்? எங்கேயோ படிச்சிருப்பீங்க. பழைய கடிதம், கிழிஞ்ச நோட்டு, ஏதோ ஒன்னு. படிச்சது மறந்துபோய், கதை மட்டும் நின்னிருக்கு. எனக்கே அப்படி நடக்கும்."

"சத்தியமா இல்ல சார்."

"சரி, விடுங்க. அந்த அம்மா உயிரோடதானே இருக்காங்க? அவங்களையே கேட்டுடலாம். அவங்க சொன்னா அதுவே ஆதாரம்."

பத்தொன்பது வருடம் அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நம்பினார்கள். ஒரே ஒரு தடவை தன்னைப் பற்றி உண்மை சொன்னாள். அதை நம்ப ஆளில்லை.

கண்காணிப்பாளர் கடிதம் எழுதினார். கதையை முழுவதுமாக எழுதி, சுவரின் படத்தையும் வைத்து, இப்படி ஒரு பெண் இருந்தாளா என்று கேட்டிருந்தார். ஒன்பது நாள் கழித்து முதியோர் இல்லத்துச் செவிலி போன் செய்தாள். அம்மாவுக்குப் படத்தைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எழுத முடியாது, பேசுவார். ஆனால் அதிகாரிகளோடு பேச மாட்டார். கதை சொல்கிற அந்தப் பெண்ணோடு மட்டும்தான். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரே கூப்பிடுவார். அதற்குள் அந்தப் பெண் ஒரு கேள்விக்குப் பதில் யோசித்து வைக்க வேண்டும்.

கண்காணிப்பாளர் அந்தக் கேள்வியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குடையக்காவிடம் நீட்டினார். இந்தக் கதையை உனக்கு யார் சொன்னது?

"அப்படி ஒரு பொண்ணு இருந்தான்னு அவங்க சொன்னாப் பலகை அடிச்சுடுறோம். இல்லைன்னு சொன்னா..." அவர் தோளைக் குலுக்கினார். "அப்பப் பாத்துக்கலாம். கவலைப்படாதீங்க, ஒரு வார்த்தைதானே?"

திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. டிக்கெட் அறையில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. கணவர் வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார். கூட வருகிறேன் என்றவரை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். வரும்போது வழியில் அவர் கேட்டது மட்டும் காதில் நின்றது.

"அந்தம்மா இல்லைன்னு சொல்லணும்னு நினைக்கிறியா, அவ இருந்தான்னு சொல்லணும்னு நினைக்கிறியா?"

இல்லை என்று சொன்னால் வேலை போகும். ஊர் சிரிக்கும். இணையத்தில் நாலு பேர் கண் காது மூக்கு வைத்து எழுதுவார்கள். போகட்டும், ஒரு மாதம், இரண்டு மாதம் வெட்கப்பட்டுவிட்டு, பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். கதவைத் திறந்தால் உடனே சாத்தலாம்.

இருந்தாள் என்று சொன்னால்? அப்படியானால் அந்தம்மாவுக்கு அவள் அக்கா. எண்பது வருடம் மனசுக்குள்ளேயே பூட்டி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அக்கா. அவளைக் குடையக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளியே இழுத்துவந்து, மழைக்கும் வெயிலுக்கும், செல்போனைத் தடவுகிறவர்களின் பொழுதுபோக்குக்கும் நிறுத்தி வைத்திருக்கிறாள். காலை இழுக்கவிட்டு, ரிப்பன் கட்டிவிட்டு, காய்ச்சல் வரவைத்து, பல் வைத்தியர் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். யார் சொன்னது என்று அந்தம்மா கேட்பார். யாரும் சொல்லவில்லை, வாயைத் திறந்தேன், அதுவாகவே வந்தது என்று சொன்னால், எண்பத்தெட்டு வயதுக்காரிக்கு அந்தப் பதில் என்ன செய்யும்? மழை பெய்த அந்தக் காலையில் ஜன்னலோரம் தனக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். முந்தானை அம்மாள். அறையைப் பற்றிக் கேட்டவர். அழுத குழந்தை. குழந்தை யாரோடு வந்தது? அது திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு யாரைப் பார்த்தது?

அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. எந்த மொழியில் பேசுவது என்பதையே அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அந்தம்மாவுக்கு அலுவலகத்து மொழிதான் தெரியும். அந்தக் கதையையோ அவள் அந்த மொழியில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே போன் அடித்தது. மேஜையிலிருந்த கறுப்புப் போனின் சத்தம் காலியான வீட்டில் கூடம் தாண்டி, படிக்கட்டு ஏறி, மாடி நடைக்குப் போய்த் திரும்பிவந்தது. குடையக்கா எழுந்து நின்றாள். வெளியே வேனில் கணவர் கண்ணாடியை இறக்கி எட்டிப்பார்த்தார். கையால், எடு, எடு என்றார். அவள் தலையாட்டினாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

போன் நின்றது. அவள் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

அவள் கையை ரிசீவரின் மேல் வைத்தாள். உள்ளங்கைக்குள் அது அதிர்ந்தது. எடுக்கவுமில்லை, கையை எடுக்கவுமில்லை. போன் அடித்துக்கொண்டேயிருந்தது.